நீரூற்றில் கிடந்த ஒற்றைச் செருப்பு

நகரச் சதுக்கத்து நீரூற்றுக்கு இருபது வருடமாக நான்தான் காவல்காரன். முன்பெல்லாம் எங்கள் அணி ஜெயித்தால் போதும், ஜனங்கள் தொபுக்கடீரென்று தொட்டிக்குள் குதிப்பார்கள். விசில் ஊதி ஊதியே எனக்கு வாய் வலித்துவிடும். மறுநாள் தொட்டியைக் கழுவும்போது ஒற்றைச் செருப்புகளாகப் பொறுக்குவேன். திட்டிக்கொண்டேதான் பொறுக்குவேன்.

இந்த முறை கோப்பையே கிடைத்துவிட்டது. வாயில் விசிலோடு தயாராக நின்றேன். வந்த கூட்டமோ நீரூற்றுக்கு முதுகைக் காட்டி, வரிசையாக நின்று செல்ஃபி எடுத்தது.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல விழறீங்க,” என்றான் ஒருவன், ரொம்பப் பணிவாக.

எனக்குச் சுள்ளென்று வந்தது. “கோப்பை ஜெயிச்சிருக்கோம்டா! பல்லு பிடுங்க வந்தவங்க மாதிரி நிக்கிறீங்களே!” என்று கத்திவிட்டு, சீருடையோடு தொட்டிக்குள் குதித்தேன். தண்ணீர் ஜில்லென்று சுகமாக இருந்தது.

அத்தனை போனும் என் பக்கம் திரும்பின.

“அண்ணே, சரியா எடுக்கல! இன்னொரு தடவை குதிங்க!”

விசிலை ஊதிவிட்டு மறுபடி குதித்தேன். அப்புறம் இன்னும் இரண்டு தடவை.

மறுநாள் தொட்டியைக் கழுவினேன். ஒரே ஒரு ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. காலில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.