ஜன்னல் சீட்டு பஞ்சுக்கு

எங்கள் வகுப்பில் சுற்றுலா போனால் மூன்று பேருக்கு ஒரு தலைவி. பஸ்ஸில் ஏறியதும் மிஸ் ஒவ்வொரு சீட்டாகக் கை நீட்டுவார். தலைவி எத்தனை பேர் என்று கத்துவாள், மிஸ் கூட்டிக்கொள்வார். எங்கள் தலைவி மேஸ்திரி. அதிகாரம் பண்ணியே வாங்கிய பட்டம். நான் ஓட்டவாய். மூன்றாவது ஆள் பஞ்சு, காய்ச்சலில் போன பருவத்தில் செத்துப்போனாள்.

"வெளிநாடு போனா ஜன்னல் சீட்டு எனக்குத்தான்" என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவைத்திருந்தாள் பஞ்சு. அதனால் சுற்றுலாவுக்கு இந்த வெளிநாட்டு ஊரில் வந்து இறங்கியதிலிருந்து மேஸ்திரி ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு நடுவில் உட்கார்ந்தாள். எனக்கு ஓரம். அவள் முகம் எப்போதும் ஜன்னல் பக்கம்தான். நான் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. மிஸ் கை நீட்டினால் மட்டும் "ரெண்டு" என்பாள்.

உயிரோடு இருப்பவள் மேல் பொறாமை என்றால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். செத்தவள் மேல் வந்தால் யார் குடுமியைப் பிடிப்பது?

அன்று மாலை அருங்காட்சியகத்தில் பழைய காலத்து வகுப்பறை ஒன்றை ஜோடித்து வைத்திருந்தார்கள். பெஞ்சு நிறைய மெழுகுப் பிள்ளைகள். ஒருத்தி பஞ்சு மாதிரியே கன்னத்தில் கை வைத்திருந்தாள். எல்லோரும் நகர்ந்த பிறகு நான் அவள் எதிரில் நின்றேன்.

"செத்தும் விடமாட்டியாடி? அவளை எனக்குக் குடுத்துட்டுப் போ."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுது முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். வெளிக்கதவு பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன். எனக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசியில் காவலாளி கதவைத் திறந்தார். மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, முதுகிலும் ஒன்று வைத்தார். பஸ் பாதி வழி போன பிறகுதான் பின்சீட்டுப் பெண் என்னைக் காணோம் என்று கத்தினாளாம்.

மேஸ்திரி வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஸ்கிட்ட என்னடி சொன்ன?"

"ரெண்டுன்னு."

"நான்தான் இல்லையே! அப்ப ஒண்ணுதானே?"

"நானும் பஞ்சும் இருந்தோமே" என்றாள்.

அப்படியென்றால் இத்தனை நாளும் அந்த இரண்டில் நான் இல்லவே இல்லை.

பஸ்ஸில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். மிஸ் கை நீட்டினார். மேஸ்திரி என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். இரண்டு என்று சொன்னால் யாரோ ஒருத்தியை இறக்கிவிட வேண்டும். அவள் கை என் கையைத் தேடி வந்து இறுக்கியது. ஐஸ் மாதிரி இருந்தது.

எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"மூணு, மிஸ்!" என்று கத்தினேன்.

மிஸ் எங்களையே பார்த்தார். திட்டவில்லை. டிரைவரைப் போகச் சொன்னார்.

குளிருக்கு எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. யாரும் உட்காராத அந்த ஓரத்துக் கண்ணாடியில் மட்டும் மூச்சு படிந்திருந்தது. மேஸ்திரி அதைத் துடைக்கவில்லை. நானும்தான்.