கூரையில் இல்லாத ஓட்டை

"மேடம், அந்த ஓட்டை எங்க இருக்கு?"

இன்னொரு ஆள் இந்தக் கேள்வியைக் கேட்டால் கடித்துக் குதறிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. பழைய சிறையைச் சுற்றிக் காட்டும் வேலை அவளுடையது. வட்டமான கட்டடம், நட்ட நடுவில் கோபுரம், சுற்றிலும் கம்பிக் கதவு போட்ட அறைகள். கோபுர ஜன்னல்களில் பலகைகளைச் சாய்த்து அடித்திருப்பார்கள். மேலே நிற்கிற காவலாளிக்கு எல்லா அறையும் தெரியும். அறையில் இருப்பவருக்கோ மேலே ஆள் இருக்கிறதா என்பதே தெரியாது. இருக்கிறதாகவே நினைத்துக்கொண்டு ராப்பகலாக அடங்கிக் கிடக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட அக்கிரமம்! தொண்டைத் தண்ணி வற்ற இதைச் சொல்லி முடித்தால், கூட்டத்தில் ஒருவர் அந்த நாவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, ஓட்டை எங்கே என்பார்.

ஓட்டை நாவலில்தான் இருக்கிறது. அந்தக் கதையில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஓர் ஓட்டை. அதன் மறுபக்கம் ஒருவன் கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். கதாநாயகியை அடைத்து வைப்பதும் ஒரு வட்டச் சிறையில். போதாதா? படித்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். "அது கதை சார். இங்க ஓட்டை கிடையாது" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வாள். வந்தவர் முகம் தொங்கிப்போகும், ஏதோ இவளே ஓட்டையைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்ட மாதிரி.

மேனேஜர் அதற்கும் மேலே. "ஒரு ஓட்டையைப் போட்டுட்டா என்னம்மா குறைஞ்சிடும்? சுவருக்கே காது இருக்குன்னு சொல்றோம். கூரைக்கு இருக்கக் கூடாதா?"

"நான் இங்க இருக்கிற வரைக்கும் டிரில்லிங் மெஷின் உள்ள வராது சார்."

சண்டை முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'சிறையும் நாவலும்' என்று மேனேஜர் ஒரு கண்காட்சி வைக்கிறார். திறப்பு விழாவில் இங்கே உண்மையிலேயே அடைபட்டுக் கிடந்த ஒருத்தி பேசட்டும். ஓட்டை இல்லை என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி. இருந்தது என்றால் மெஷின் வரும்.

அந்த ஒருத்தி அவளுடைய பெரியம்மாதான். ஜெயிக்கிற வழக்கு என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

பெரியம்மா இளவயதில் மில்லில் வேலை செய்தபோது வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு உள்ளே போனவள். அதே அறையில் கூட இருந்தவள் தையல்கார அத்தை. ரத்த உறவு இல்லை. அதே மில்லில் பக்கத்துத் தறியில் நின்றவள், பிறகு தையல் மெஷின் வாங்கிப் பிழைத்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளை உட்கார வைத்துத்தான் இவள் வாரம் முழுக்க சேர்ந்த எரிச்சலைக் கொட்டுவாள்.

"நல்லா பாத்தியா கண்ணு?" என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பாள். "மூலையில எங்கயாச்சும், சின்னதா?"

"எறும்பு நுழையக்கூட வழி இல்ல அத்தை! நானே ஏணி போட்டு ஏறிப் பாத்துட்டேன். கோபுரத்துலேருந்து பாக்கத்தான் முடியும், ஒரு வார்த்தை கேக்காது."

உடனே பெரியம்மா சிடுசிடுப்பாள். "ஆபீஸ் கதைய ஆபீஸ்லயே விட்டுட்டு வர மாட்டியா நீ?"

விழா அன்று நல்ல கூட்டம். பாதிப் பேர் மடியில் நாவல். முதல் வரிசையில் அத்தை. விடுதலையான நாளிலிருந்து இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவள், பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்ததால் வந்திருந்தாள்.

பெரியம்மா நன்றாகவே பேசினாள். ஒரு ராத்திரி இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் வாயோடு காது வைத்து உண்ணாவிரதத்துக்குத் திட்டம் போட்டதைச் சொன்னாள். விடிந்ததும் ஜெயிலர் அந்தத் திட்டத்தை வார்த்தை மாறாமல் ஒப்பித்ததையும், தன்னை இருட்டறையில் போட்டதையும், பெற்ற தாய் செத்த சேதி வந்தும் போக விடாததையும் சொன்னாள். அத்தையை உடம்பு சரியில்லை என்று அடுத்த மாதமே வெளியே விட்டதை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மறந்திருப்பாள் என்று இவள் நினைத்தாள்.

ஒரு மாணவன் எழுந்தான். "போர்வைக்குள்ள பேசினது ஜெயிலருக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

இதோ வந்தது. மேனேஜரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டாள் இவள்.

"கூரையில ஓட்டை இருந்துச்சு தம்பி," என்றாள் பெரியம்மா. "அதுலேருந்துதான் கேட்டாங்க."

கூட்டம் கை தட்டியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, தான் கூட்டிவந்த சாட்சியே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டதே! வயதானால் இப்படியா? எவனோ எழுதிய கதையைப் படித்துவிட்டு சொந்தச் சிறையை மாற்றிச் சொல்வதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே! விடக் கூடாது என்று விறுவிறுவென்று மேடைப் பக்கம் நடந்தாள். "பெரியம்மா, அங்க ஓட்டை—"

பெரியம்மா அவளைப் பார்த்த பார்வையில் கால் நின்றுவிட்டது. அந்தப் பார்வை அங்கிருந்து நகர்ந்து முதல் வரிசைக்குப் போனது. அத்தை சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

போர்வைக்குள் இருந்தது இரண்டே பேர். கூரையில் ஓட்டை இல்லையென்றால் ஜெயிலருக்குச் சொன்னது யார்? இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் காபியைக் கையில் கொடுத்து, ஓட்டை இல்லை, ஓட்டை இல்லை என்று இவள் யார் முகத்துக்கு நேரே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்! அந்த ஓட்டையை அத்தை எத்தனை ஆசையாய்த் தேடியிருக்கிறாள். பெரியம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் வாராவாரம் காபி போட்டாள்.

"அங்க ஓட்டை... என்னம்மா?" என்று மேனேஜர் மைக்கை நீட்டினார்.

"அங்க ஓட்டை இருந்துச்சு சார்," என்றாள். "நான்தான் சரியா பாக்கல."

கூட்டம் கலைந்த பிறகு அத்தை தன் பழைய அறைக்குள் தனியாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். இவள் உள்ளே போனாள்.

"எங்க கண்ணு அது?"

போன மழைக்கு ஒழுகியதென்று கொத்தனாரைக் கூட்டிவந்து இவளே பூச வைத்த இடம் ஒன்று மூலையில் வெளுப்பாகத் தெரிந்தது. டார்ச்சை அதன்மேல் அடித்தாள்.

"தோ, அங்க. அப்புறம் அடைச்சுட்டாங்க அத்தை."

அத்தை வெகுநேரம் அதையே பார்த்தாள். இன்னும் புதுசு மாறாத அந்தச் சிமெண்டை, பிறகு இவளை, பிறகு வாசலில் நின்ற பெரியம்மாவை.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க," என்றாள், "ரெண்டு பேரும்."

பெரியம்மா உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, போலாம். கால் வலிக்குது எனக்கு."