பின்பக்கச் சுவர்

ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, அரக்கன் கோட்டையின் வரைபடத்தை அம்மாவின் சாப்பாட்டு மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தான் சின்னவன். ஆஸ்பத்திரிக் கட்டிலோடு வருகிற சக்கர மேசை. நேற்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேசையும் சும்மாதான் நின்றது.

"கோட்டை கோணலா இருக்கு," என்றாள் அம்மா, மூக்குக் குழாய்க்குப் பின்னாலிருந்து.

"மேசை கோணல்மா."

"காரணம் கேக்கல. நிமித்து."

டாக்டர் காலையில் இரண்டு மகன்களையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் புகார் போன் எடுத்தவள். எதிராளி மூச்சு விடுகிற விதத்திலேயே டிரான்ஸ்ஃபார்மரா ஃபியூஸா என்று சொல்லிவிடுவாள். "இன்னிக்கே ஆட்டத்தை முடிச்சிடலாம்," என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டம் நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்துவந்தது. பெரியவன் கதை சொல்லி நடத்துவான்; அரக்கன், காவலர், காடு, மழை எல்லாம் அவன்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, அது பலிக்குமா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். சின்னவன் வாள்வீரன். சித்தப்பா மந்திரவாதி, மந்திரம் போட்டதைவிடக் கொட்டாவி விட்டது அதிகம். அம்மா, குள்ள இனத்துக் கொத்தனார்.

அம்மா அந்த வேஷத்தைப் பிடித்தது ஆட்டத்தின் முதல் நாளிலேயே. வில், வேல், விஷம் என்று இத்தனை இருக்க, விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கருவித் தேர்ச்சி என்று யாரும் படிக்காத ஒரு பட்டியல் கிடந்தது; அதில் கொத்தனார் கருவி என்ற வரியில் போய் விரலை வைத்தாள். வீடு கட்டியபோது நாலு மாதம் கொத்தனாரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று சண்டை போட்டவள். "அந்த ஆளு எங்கெங்க ஏமாத்துவான்னு எனக்குத் தெரியும். அந்தப் படிப்பு வீணாப் போகக் கூடாது."

வீணாகத்தான் போனது. பறக்கும் பாம்பு எதிரே நெருப்பைக் கக்கும்போது கரண்டியும் ரசமட்டமுமாக ஒருத்தி என்ன செய்வது? "ஓரமா நில்லும்மா, சண்டை முடிஞ்சதும் பூச்சு வேலை இருக்கு," என்பான் சின்னவன். சித்தப்பா விழித்திருந்தால் சிரிப்பார். அம்மாவும் சிரித்துவிட்டு ஓரமாக நிற்பாள். நாலு வருடத்தில் அந்தத் தேர்ச்சிக்காக ஒரு முறைகூடப் பகடை உருளவில்லை.

அது இப்போது சின்னவனை உறுத்தியது. வராந்தாவில் அண்ணனை மடக்கினான்.

"வாசல்ல எத்தன பேர் காவல்?"

"அறுபது."

"ஆறாக்கிடேன்."

"அறுபதுன்னா அறுபதுதான்."

"டாக்டர் சொன்னதக் கேட்டல்ல?"

"டாக்டர் காவலரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அண்ணா, அம்மா ஒரு தடவையாவது அந்தக் கரண்டிய வச்சு ஜெயிக்கணும். எதையாவது தளர்த்தி விடு."

"விட்டுக் குடுத்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்." பெரியவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்னால முடியாது."

பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதினொன்றரைக்குத் தோற்கத் தொடங்கினார்கள். வாள்வீரன் வாசலில் பாய்ந்து, தோளில் இரண்டு அம்புகளோடு திரும்பினான். சித்தப்பாவின் தீப்பந்து பாதி வழியில் அணைந்தது. மருந்து பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஜெயிக்கறாங்க?"

"அரக்கன்," என்றார் சித்தப்பா.

"இன்னொரு தடவை வாசல்ல பாயறேன்," என்றான் சின்னவன். பழக்க தோஷம்.

"இருடா," என்றாள் அம்மா. "அந்த அறுபது பேரும் எந்தப் பக்கம் பாத்து நிக்கறாங்க?"

"வாசலப் பாத்து," என்றான் பெரியவன்.

"பின்னாடி?"

"பின்னாடி கருங்கல் சுவர். முப்பதடி. காவல் இல்ல."

"எப்பக் கட்டினது?"

நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெரியவன் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தான். "போன மழைக்கு முன்னாடி. அரக்கன் அவசரப்படுத்திக் கட்ட வச்சான்."

"அவசரப்படுத்தினானா!" அம்மாவின் முகத்தில், சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் தூங்கும் கொத்தனாரைக் கையும் களவுமாகப் பிடித்த வெளிச்சம் வந்தது. "வெளியில கல்லை அடுக்கி உள்ள குப்பைய ரொப்பியிருப்பான். நகருங்க எல்லாரும். நான் தட்டிப் பாக்கறேன்."

சின்னவனின் வாய் வழக்கம்போலத் திறந்தது. மூடிக்கொண்டது.

"பதினஞ்சு வேணும்," என்றான் பெரியவன். "தேர்ச்சி இருக்கறதால நாலு கூட்டிக்கலாம்."

அம்மா உருட்டினாள். பகடை அகழியைத் தாண்டி, மேசை விளிம்பைத் தாண்டி, போர்வை மடிப்பில் சாய்ந்து நின்றது. பத்தொன்பது. சின்னவன் கையைத் தூக்கிவிட்டான்.

"சாஞ்சது செல்லாது," என்றாள் அம்மா.

"செல்லாது," என்றான் பெரியவன்.

இவர்கள் இருவரையும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்க வேண்டும் என்று சின்னவனுக்குத் தோன்றியது.

மறுபடி உருட்டினாள். பன்னிரண்டு. நாலும் சேர்த்துப் பதினாறு.

பெரியவன் விரல் முட்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டினான். "சத்தம் பொய்யா வருது. உள்ள குப்பைதான்."

"அடியில நாலாவது வரிசைல ஒரே ஒரு கல்லை உருவறேன். மத்தது தானா வரும்."

வந்தது. பெரியவன் வாயாலேயே முப்பதடிச் சுவரை இடித்துத் தள்ளிய சத்தத்தில் பக்கத்து அறை ஆள் மணியை அழுத்திவிட்டார். அறுபது காவலரும் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, புழுதிக்குள்ளிருந்து நாலடி உயரக் கொத்தனார் நடந்து போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அரக்கனைப் பிடரியில் பிடித்தாள். நர்ஸ் கை தட்டினாள். சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"அவன் கையைக் கட்டு. கட்டிட்டு, எந்தக் கொத்தனாரு கட்டினதுன்னு கேளு. ஆளு எனக்குத் தெரிஞ்சவனாத்தான் இருப்பான்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். "எவன்டா அது, பூச்சு வேலைன்னு சொன்னது?"

"நான்தாம்மா."

"ஓரமா போய் நில்லு."

அவன் போய் ஜன்னலோரம் நின்றான். அம்மா சிரித்த சிரிப்பில் குழாய் நழுவ, நர்ஸ் அதட்டிக்கொண்டே அதைச் சரிசெய்தாள்.

அப்புறம் தூங்கினாள். நாலேகாலுக்கு மூச்சு நின்றபோது மகன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். சித்தப்பா விழித்திருந்தார்.

பெரியவன் கவுன்ட்டருக்குப் போனான். வராந்தா பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்த சின்னவன், ஆட்டக்காரர்கள் தொடவே கூடாது என்றிருந்த அண்ணனின் நோட்டை எடுத்துப் பிரித்தான். அப்படியும் சலுகை காட்டியிருப்பானோ என்று சந்தேகம்.

முதல் பக்கத்தின் தேதி நாலு வருடத்துக்கு முந்தையது. 'சுரங்கம், வடக்குச் சுவர்: உள்ளே குப்பை. தட்டினால் பதினைந்து.' அதன் கீழே, 'அம்மா தட்டவில்லை.'

புரட்டினான். 'பாலம், இரண்டாம் தூண்: விரிசல். பதினைந்து. அம்மா தட்டவில்லை.' 'சூனியக்காரி கோபுரம், படிக்கட்டு: பூச்சு மட்டும்தான். பதினைந்து. சின்னவன் ஓரமாக நிற்கச் சொன்னான். அம்மா தட்டவில்லை.' நாலு வருடம் ஒவ்வொரு கோட்டையிலும் ஏதோ ஒன்று மோசமாகக் கட்டப்பட்டிருந்தது. எண்ண ஆரம்பித்தவன் இருபத்து மூன்றில் விட்டுவிட்டான். கடைசிப் பக்கத்தில், 'அரக்கன் கோட்டை, பின்பக்கச் சுவர்: அவசரத்தில் கட்டியது. காவல் இல்லை. பதினைந்து.' கீழே வெற்று வரி.

"பேனா வச்சிருக்கியா?" ஆஸ்பத்திரிப் படிவத்தோடு பெரியவன் எதிரே நின்றான். நோட்டைப் பார்த்தான்.

சின்னவன் பேனாவைக் கொடுத்தான். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை வாங்கிப் படிவத்தின் மேல் வைத்து, ஒரே ஒரு சொல் எழுதினான். கவுன்ட்டரில் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மை காயட்டும் என்று அவன் நோட்டை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.