ஓவசியர் வாங்கிய கைவிசேஷம்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆண்கள் பொய் சொல்வது புதிதல்ல. சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், வயதைக் குறைத்துச் சொல்வார்கள். நான் பூனையைப் பற்றிச் சொன்னேன். அதற்காக நான் பட்ட பாடு நாய் படாத பாடு.

சண்டை முடிந்து அரை வருஷம் ஆகியிருந்தது. வாகரையிலிருந்து நானும் வதனி அக்காவும் பஸ் மாறி மாறிப் பழுகாமத்துக்குப் போனோம். பெண்ணின் தகப்பன் கந்தப்போடி, வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடும் என்று பயந்தவர்போல் இருந்தார். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் பெண்ணின் தாய்மாமன் இளையதம்பி. ஊர், தொழில், நட்சத்திரம், பல்வலி உண்டா என்பது வரைக்கும் கேட்டார். நான் மேசன். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீடு கட்டி முடியாத அளவுக்கு வேலை. அதெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

அப்போது றஞ்சிதா தேத்தண்ணியோடு வந்தாள். அடையாள அட்டைப் படத்தில் இருப்பதைப் போலச் சிரிப்பில்லாத முகம். அவளுக்குப் பின்னாலேயே செம்பட்டை நிறக் கடுவன் பூனை ஒன்று நடந்து வந்து, என் காலடியில் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தது. நாள் முழுக்க வீட்டைச் சுற்றிப் பார்வையிடுவதே அதன் வேலை என்பதால் ஓவசியர் என்று பெயராம். எனக்குப் பூனை என்றாலே உடம்பு கூசும். காலை மெல்ல இழுத்துக்கொண்டேன். இளையதம்பி கண்டுவிட்டார்.

"தம்பிக்குப் பூனை ஒத்துவராதோ? எங்கட புள்ள பூனைய உட்டுட்டு இருக்கமாட்டா, கண்டீங்களா."

றஞ்சிதா அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் நாக்கு தன்பாட்டில் புறப்பட்டுவிட்டது.

"என்ன மாமா கதைக்கிறீங்க? எங்கட வீட்டிலயும் ஒண்டு இருந்ததுதானே. நான்தான் பழக்கினனான். வருஷப் பிறப்புக்குப் பெரியாக்கள் காசு குடுக்கக்குள்ள, ரெண்டு கையையும் ஏந்திக் கைவிசேஷம் வாங்கும்."

"பூனை கைவிசேஷம் வாங்குமோ! இப்ப எங்க அது?"

"சுனாமி கொண்டு போயிட்டு."

எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். பரீட்சைச் சான்றிதழ், காணி உறுதி, வாங்கவே வாங்காத தொலைக்காட்சி, எல்லாவற்றையும் கடல்தான் கொண்டு போயிருந்தது. அதற்கு மேல் ஒருவரும் துருவிக் கேட்க மாட்டார்கள். வதனி அக்கா என் தொடையில் கிள்ளினாள். றஞ்சிதா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். உள்ளே விம்முவது போல ஒரு சத்தம் கேட்டது. பாவம், இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தம் சரிவந்தது. பொய் அதோடு நிற்கவில்லை. மார்கழி இருபத்தாறாம் திகதி, சுனாமி வந்த நாளில், வருங்கால மாமியார் சீதேவிப்பிள்ளை போன் எடுத்தார்.

"தம்பி, உங்கட அம்மாக்கு ஒரு விளக்கு வச்சிருக்கன். பக்கத்தில அந்தப் பூனைக்கும் ஒண்டு வச்சன், வாயில்லாச் சீவன்தானே. அதுக்குப் பேரென்ன?"

எனக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்தது எங்கள் கணக்கு வாத்தியாரின் பெயர். "நல்லரத்தினம், மாமி" என்றேன். வாத்தியார் வாகரையில் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்.

மெய்யாகவே கடல் கொண்டு போன அம்மாவுக்குப் பக்கத்தில், பிறக்கவே பிறக்காத ஒரு பூனைக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தை மாதம் கல்யாணம். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே நான் போனது றஞ்சிதாவின் வீட்டுக்கு, சரியாகச் சொன்னால் ஓவசியரின் வீட்டுக்கு. மூன்றாம் நாளே இளையதம்பி மாமா வந்து முற்றத்தில் நின்று அறிவித்தார்.

"மருமகன், வருஷப் பிறப்புக்கு நாங்க எல்லாரும் இஞ்சதான். நம்மட ஓவசியருக்கும் அந்த வித்தையப் பழக்கிப் போடுங்க. ரெண்டு மூணு மாசம் கிடக்குத்தானே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் றஞ்சிதா? செத்தவர்களை வைத்துப் பொய் சொல்கிற ஒருவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டோம் என்று அவள் நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு நான் சொல்கிற எதைத்தான் நம்புவாள்? "ஓம் மாமா" என்றேன்.

வேலை முடிந்து வந்ததும் வைக்கோல் குவியலுக்குப் பின்னால் பாடம் நடந்தது. கையில் ஒரு சிரட்டை கூனி, அதாவது காய்ந்த பொடி இறால். முதலில் முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன். என் கையில் ஆறு கோடு போட்டது. சரி, அன்பால் திருத்தலாம் என்று "ராசா, தங்கம்" என்று கொஞ்சினேன். கூனியைத் தின்றுவிட்டு நான் உடுத்திருந்த சாரத்தில் வாயைத் துடைத்தது. செய்து காட்டினால் விளங்கும் என்று ஒருநாள் நானே முழங்காலில் நின்று, இரண்டு கையையும் ஏந்தி, "இஞ்ச பார், இப்பிடி" என்றேன். ஓவசியர் நன்றாக யோசித்தது. பிறகு எழுந்து வந்து, நான் ஏந்திய கைகளுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் மண்வெட்டியோடு வட்டையிலிருந்து வந்தார். வயல்பக்கம் போனால் பொழுதுபடும் வரைக்கும் திரும்பாத மனிதர் அன்றைக்கென்று நேரத்தோடு வந்துவிட்டார். என்னைக் கண்டு நின்றார். வேறு வழியால் போனார். சாப்பிடும்போது மாமியிடம், "மருமகனுக்கு ஏதும் நேர்த்திக்கடன் கிடக்கோ?" என்று கேட்டாராம். அந்த மாதம் அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

பங்குனி முடியும்போது ஓவசியர் என்னை நன்றாகப் பழக்கி எடுத்திருந்தது. அது ஒரு தடவை கத்தினால் கூனி எடுப்பேன், இரண்டு தடவை கத்தினால் கதவு திறப்பேன். றஞ்சிதா இதையெல்லாம் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

"என்னவாம் உங்கட மாணவன்?"

"தேறி வருது" என்றேன். அதுவும் பொய்.

வருஷம் பிறந்தது. மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துத் தோய்ந்து, புது உடுப்புப் போட்டு, இருபது பேர் முற்றத்தில் கூடிவிட்டார்கள். சுபநேரத்தில் கந்தப்போடி எல்லாருக்கும் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தார். அது முடிந்ததும் இளையதம்பி மாமா இன்னொரு வெற்றிலையை விரித்துக் கூனியை வைத்தார்.

"எங்க, வரட்டும் நல்லரத்தினத்திட தம்பி!"

ஓவசியரைத் தூக்கி நடுவில் வைத்தேன். மாமி அதன் தலையிலும் மருத்துநீர் தெளித்திருந்தார். அந்தக் கோபம் அதற்கு இன்னும் காயவில்லை. "ராசா, கை" என்றேன். காதைச் சொறிந்தது. "கை ஏந்து ராசா" என்றேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இளையதம்பி மாமா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "மருமகன், மெய்யாத்தான் கேக்கன், அந்த வாகரைப் பூனை..."

இனி ஏலாது, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நின்ற றஞ்சிதா உரத்த குரலில் கத்தினாள்.

"செக்கிங்!"

ஓவசியர் வெடுக்கென்று திரும்பியது. பின்னங்காலில் எழுந்து நின்றது. இரண்டு முன்னங்கால்களையும் தலைக்கு மேல் உயர்த்தி, அப்படியே ஆடாமல் நின்றது.

இளையதம்பி மாமாவின் கைகளும் பாதி வரைக்கும் உயர்ந்திருந்தன. கந்தப்போடி சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு எங்களையும்தான் ஆமியின் சோதனைச் சாவடிகளில் வருஷக் கணக்காகப் பழக்கி வைத்திருந்தார்கள். மாமி தன் தம்பியின் கைகளைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு ஒருவரையொருவர் காட்டிக் காட்டி எல்லாரும் வயிறு நோகச் சிரித்தோம். கையைக் கீழே இறக்க வழி தெரியாத மாமா அதை அப்படியே நீட்டி வெற்றிலையைக் கொடுத்தார். ஓவசியர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தது.

"வாங்கிட்டு! கைவிசேஷம் வாங்கிட்டு!" என்று மாமாதான் கூவினார்.

சாப்பாட்டு அமளி அடங்கியதும் குசினியில் றஞ்சிதாவைப் பிடித்தேன்.

"எங்க பழகினது இது?"

"ரெண்டாயிரத்தி ஏழுல, இடம்பெயந்து முகாமில இருக்கக்குள்ள. வாசல்ல எங்களச் செக் பண்ற ஆமிக்காரப் புள்ள ஒண்டு. இவன் அப்ப குட்டி. எனக்குப் பின்னால வந்தா, இவனுக்கும் 'செக்கிங்' எண்டு சொல்லிக் கருவாட்டுத் துண்ட மேல தூக்கிக் காட்டுவா. எட்டி எட்டிப் பழகிட்டான்."

"மூணு மாசமா நான் முழங்கால் தேயத் தவண்டு திரிஞ்சன். ஒரு சொல்லுச் சொல்லல்லயே நீ!"

"பாக்க நல்லா இருந்தது."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு உண்மையும் வந்துவிட்டது. "றஞ்சி, அந்த நல்லரத்தினம்..."

"தெரியும். அண்டைக்கே தெரியும். உங்கட அக்காட முகத்தப் பாத்தன்தானே. குசினிக்குள்ள ஓடிவந்து சிரிச்சன். சத்தம் கேக்கல்லயா உங்களுக்கு? முகாமுக்குப் போனதில இருந்து நான் அப்பிடிச் சிரிக்கல்ல. நீங்க போன உடன அம்மாட்டச் சொன்னன், இவரையே பேசுங்க எண்டு."

அவள் என் கையிலிருந்த கீறல்களைத் தடவிப் பார்த்தாள்.

"பூனைக் கதை போதும். ரெண்டு விளக்கு வச்சதில ஒண்டு உங்கட அம்மாக்குத்தானே. அவவப் பத்தி ஒருநாளும் சொல்லல்ல நீங்க. ஒரு கதை சொல்லுங்க. இது உண்மையா இருக்கட்டும்."

ஐந்து வருஷத்துக்கு மேலாக நான் அம்மாவைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அன்றைக்கும் பயமாகத்தான் இருந்தது.

"எங்கட அம்மாக்குப் பூனையக் கண்ணில காட்டேலா" என்றேன். "கருவாடு காயப்போட்டா விளக்குமாறும் கையுமாத்தான் காவல் இருப்பா. எறிஞ்சா குறி தப்பாது. ஒருநாள் பூனைக்கு எறிஞ்சது எங்கட வாத்தியார் நல்லரத்தினத்திட தலையில..."

றஞ்சிதா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. வாசலில் ஓவசியர் வந்து நின்று ஒரு தடவை கத்தியது. நான் கூனிச் சிரட்டையை எடுத்து நீட்டினேன், அம்மாவின் கதையை நிறுத்தாமலே.