காதில் விழாத மறுப்பு

அந்தத் திங்கட்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள்: அச்சகத்தில் நிறம் பார்க்கும் தாய், லாரி ஓட்டும் தகப்பன், ஏழு வயது மகள், மேசைமேல் ஆவி பறக்க ஒரு பாத்திரம் பால். தொடாதே என்று தாய் மூன்று தடவை சொன்னாள். மகள் தொட்டாள். பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லும் எதுவும் அன்றிலிருந்து அவள் காதில் விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது. தகப்பன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டா?" என்று முணுமுணுத்துப் பார்த்தான். "ரெண்டுப்பா!" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, காதில் அழுக்குக்கூட இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

அதே வாரம் அந்தத் தெருவில் பதினேழு பிள்ளைகளுக்கு இப்படி ஆனது. பதினேழும் ஒரே கம்பெனியின் சாக்லெட் தின்ற பிள்ளைகள். உறையில் தொப்பி போட்ட முயல் ஒன்று கண்ணடித்துச் சொல்லும்: 'அம்மா வேண்டாம்னு சொன்னா காதுல போட்டுக்காதே!' அந்த உறை தாய் வேலை பார்த்த அச்சகத்தில்தான் ஓடியது. எட்டு மாதமாக, கட்டுக்கு ஒரு தாளை உருவி விளக்கடியில் பிடித்து, தொப்பியின் சிவப்பு மாதிரித் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். சிவப்பு ஒரு நாளும் பிசகவில்லை. எழுத்தை அவள் படித்ததே இல்லை. படிப்பது அவள் வேலையில்லை.

அதன்பின் மகளின் மணிக்கட்டு அவள் பிடியிலேயே இருந்தது. மாடிப்படி, அடுப்பு, திறந்து கிடக்கும் சாக்கடை, எதற்கும் கத்திப் பிரயோஜனமில்லை. பாய்ந்து பிடிக்க வேண்டும். ஒரு நாள் கை நழுவியது. தாய் போட்ட கூச்சலில் சாலையில் போன ஆட்களெல்லாம் நின்றார்கள், மகள் நிற்கவில்லை. பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றிலிருந்து தாய் முன்னால் ஓடிப்போய், முகத்துக்கு நேரே நின்று, வாயை அகலத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லப் பழகினாள். மூன்று வருடத்தில் மகளுக்கு அந்த உதட்டசைவு பிடிபட்டது. சத்தம் மட்டும் காதுக்கு வரவே இல்லை.

நான்காம் வருடம் கம்பெனி திருந்தியது. இனிப் பெற்றவர்களைக் கேட்காமல் பிள்ளைகளிடம் எதையும் விற்பதில்லை என்று விதி போட்டு, வீடு வீடாகச் சம்மதப் படிவம் அனுப்பியது. விற்பனை அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒரு கையால் படிவத்தைத் தாயிடம் நீட்டினார், மறு கையால் சாக்லெட்டை மகளிடம் நீட்டினார். பழக்கதோஷம்.

"வேண்டாம்" என்றாள் தாய்.

"அட, குழந்தை ஆசையா பாக்குதும்மா. ஒரு கையெழுத்துதானே?"

"வேண்டாங்க."

"இந்தாம்மா, இங்க போட்டாப் போதும்." பேனா மூடியைக் கழற்றினார்.

மகள் சாக்லெட்டைப் பார்க்கவில்லை, தாயின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாக்லெட்டை வாங்கி அவருடைய சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினாள்.

"அம்மா வேண்டாம்னு சொல்றாங்க, அங்கிள். எனக்குத்தான் கேக்காது. உங்களுக்குமா?"

அவர் பேனாவை மூடி, படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அவர் செருப்பில் கால் நுழைத்ததும் மகள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.