நடாமல் வந்தவை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில். பக்கத்தில் அரங்கநாதன் என்பவர் உட்கார்ந்திருந்தார். தாவரவியல் படித்தவர். மூடிய கல்குவாரிகளில் செடி மறுபடி பிடித்திருக்கிறதா என்று அளந்து எழுதுவது அவர் வேலை. நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மீதி என்னுடையது. அந்த ஐந்தே போதுமோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

முதல் தொடக்கம்: ‘பாறை வெட்டிய பள்ளத்தில் இன்று பசுமை பூத்துக்

(நிறுத்திவிட்டேன். பசுமை ஓர் அளவு அல்ல.)

இரண்டாவது: ‘செல்லியம்மாளுக்கு எட்டு ஆடுகள்.’ இது நிற்கும்.

2

குவாரி வருவதற்கு முன் அது ஊர் மேய்ச்சல் நிலம். குவாரியை மூடி, மண் கொட்டி, புங்கனும் வேம்பும் நட்டு, வேலி போட்டு மூன்று வருடம். தண்ணீர் ஊற்றியவள் செல்லியம்மாள். அளவில் தேறினால் வேலியை எடுப்பார்கள், ஆடுகள் உள்ளே போகும். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவள் தழை ஒடித்துத் தலையில் சுமக்க வேண்டும். (இங்கே அவளுக்கு முழங்கால் வலி இருந்தது. எடுத்துவிட்டேன். இரக்கம் கேட்கும் வலி.)

நட்டவை பிழைத்தால் மட்டும் தேறாது. நடாமல் தானாக வந்தவை எத்தனை வகை என்று பார்ப்பார்கள். மண்ணுக்கு உயிர் வந்ததை அவைதான் சொல்லும். ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தை இருபது இடங்களில் வைத்து உள்ளே இருப்பதை எண்ண வேண்டும்.

3

அரங்கநாதன் சட்டத்தை வைத்தார். உள்ளே வெறும் மண். ஏழாவது இடத்திலும் வெறும் மண்.

“இன்னாம்மா இது? போன மாசம் கொழுஞ்சி, தும்பை, நாயுருவி எல்லாம் இருந்துச்சே?”

“களைதான சார்? நேத்து பூரா நாலு பேரு குந்திக்கினு புடுங்கிட்டோம். ஒண்ணு வுடல,” என்றாள் செல்லியம்மாள்.

“எதுக்கும்மா?”

“அளக்க வரீங்கன்னாங்க. களை மண்டிக் கெடந்தா எங்களப் பத்தி இன்னா நெனைப்பீங்க?”

கூடப் பிடுங்கிய ஜெயம்மாள் சொன்னாள்: “பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அவ வூட்ட இவ்ளோ சுத்தமா பெருக்கல சார்.”

“நான் எண்ண வந்ததே அந்தக் களையத்தாம்மா.”

(இந்த இடத்தில் செல்லியம்மாளை முதலில் அழவைத்தேன். நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். அழமாட்டாள் என்று பிறகுதான் பட்டது.)

“அத மின்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்? களைய எண்ண ஒருத்தரு படிச்சிட்டு வருவாருன்னு நானு கனவா கண்டேன்?”

4

பிடுங்கியது வேலியோரம் குவிந்து கிடந்தது. அரங்கநாதன் குந்தி உட்கார்ந்து பிரித்தார். பதினேழு வகை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் எது எந்த இடத்தில் நின்றது என்று குவியல் சொல்லாது. படிவத்தில் நிற்கும் செடிக்குத்தான் இடம்.

முடிவு ஒன்று: பூஜ்யம் என்று எழுதுகிறார். வேலி நிற்கிறது. (நேர்மை. ஆனால் பொய்.)

முடிவு இரண்டு: பதினேழு என்று எழுதுகிறார். (உண்மை. ஆனால்

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. செல்லியம்மாள்தான் சொன்னாள்.

“பாஞ்சி நாளு குடுங்க சார். ஒரு மழ போதும். புடுங்குன களை திரும்பி வராத காடு நான் பாத்ததே இல்ல.”

“வரலன்னா?”

“வராதா? அது வராம இருந்திருந்தா எனக்கு நாப்பது வருசம் ஏது சார் வேல?”

5

மழை பெய்தது. அந்த அதிகாரம் எனக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொண்டேன். பதினைந்தாம் நாள் காலை அரங்கநாதன் வந்திருக்கிறார். சட்டத்தை முதல் இடத்தில் வைத்தாயிற்று.

எண்ணிக்கையை நான் எழுதப்போவதில்லை. குனிந்து நீங்களே எண்ணுங்கள். வெறும் மண் இல்லை என்பது வரை சொல்வேன்.

அவசரம் வேண்டாம். செல்லியம்மாள் எதையும் தொடமாட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.