காக்கை தலையில் தட்டினால் யாருக்குச் சொல்லி விடுவது?

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவனநாதன் அண்ணாச்சி கோவில்பட்டியில் ஒரு சின்ன மாதப் பத்திரிகை நடத்திவந்தார். 'வீட்டில் வளர்க்கும் பறவைகள், வாசலுக்கு வரும் பறவைகள்: எல்லாரும் கேட்கிற கேள்விகள்' என்று தலைப்பும் கொடுத்து, இரண்டு பக்கம் எழுதச் சொன்னார். எனக்கு என்ன தெரியும் பறவையைப் பற்றி? ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. டெலிபோன் பூத் வைத்திருந்தேன். வாசலில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். லைன் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? இது பேசுமா, ஒன்று செத்தால் இன்னொன்றும் செத்துவிடுமாமே, என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அப்படித்தான் நான் பறவை நிபுணன் ஆனேன்.

முதல் இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகத்தான் எழுதினேன். பேசுமா? குஞ்சிலிருந்து பழக்கினால் ஒன்றிரண்டு வார்த்தை வரலாம். பெரும்பாலும் கத்தத்தான் செய்யும். இணை செத்தால் சாகுமா? சாகாது, கொஞ்சநாள் வாடும், துணை சேர்த்துவிட்டால் தேறிவிடும்.

மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

2

காக்கை ஏன் தலையில் தட்டுகிறது?

பதில்: பக்கத்தில் எங்கேயோ குஞ்சு இருக்கிறது. கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு, பறக்கத் தெரியாமல் தாழ்வான கொப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சில நாளைக்குத் தாய்க்காக்கைக்கு உலகத்தில் எல்லாரும் எதிரி. அந்தப் பக்கம் போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் தலைக்கு மேல் ஒரு முறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். 'வெயிலம்மாள் கையில் முறம் இல்லை' என்று அடுத்த வரி தானாக வந்து விழுந்தது. பூவனநாதன் அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

தொடக்கம் ஒன்று: 'கரிசல் காட்டில் சித்திரை வெயில்...' வேண்டாம். வெயிலைச் சொல்ல ஆரம்பித்தால் அதுவே இரண்டு பக்கத்தையும் தின்றுவிடும்.

தொடக்கம் இரண்டு: 'அன்று காலையில் நடக்கப்போவதை அறியாத வெயிலம்மாள்...' இதுவும் வேண்டாம். நடக்கப்போவதை யார்தான் அறிந்தோம்?

தொடக்கம் மூன்று: தொண்ணூற்றேழாம் வருசம் ஒரு காலையில், குச்சி அடுக்கத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெயிலம்மாள், காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைக்குப் போனாள். வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை சர்ரென்று இறங்கி, இரண்டு காலாலும் அவள் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது.

சரி, இதுவே இருக்கட்டும்.

அவள் சிரித்துக்கொண்டேதான் அடுத்த வீட்டு ஆவுடைத்தாயிடம் சொன்னாள். ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை.

"ஏட்டி, தலையிலயா தட்டுச்சு? அது சனீஸ்வரன் வாகனம்லா! ஒன் உசுருக்குல்லா வந்திருக்கு."

அதற்குப் பரிகாரமும் அவளே சொன்னாள். "நீ செத்துட்டேன்னு பொறந்த வீட்டுக்குச் சொல்லி விடணும். ஒடம்பொறந்தவன் கண்ணுல தண்ணி விழுந்துட்டா தோசம் அதோட கழிஞ்சிரும். பெறவு, சும்மா சொன்னோம்னு சொல்லிக்கிடலாம்."

(எங்கள் பக்கம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வாசகர் சிரிக்கலாம். ஆனால் காக்கை உங்கள் தலையில் தட்டிய பிறகு சிரித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.)

வெயிலம்மாளுக்குப் பயம் காக்கையை நினைத்து அல்ல. அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர், அண்ணன் சாமித்துரை. புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வைத்திருக்கிறார். அவர் இவள் வீட்டு வாசலை மிதித்து வருசக்கணக்காகிறது. மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். அண்ணன் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. நல்ல நேரம் கழிகிறதே என்று எல்லாரும் அவசரப்படுத்த, வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த் தட்டோடும் கிடாயோடும் வந்து இறங்கியவர், பிள்ளையின் காதில் ரத்தத்தைப் பார்த்தார். தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

"எங்கண்ணன் அழலைன்னா?" என்றாள் வெயிலம்மாள்.

"மொதல்ல போனப் போடுட்டி" என்றாள் ஆவுடைத்தாய்.

4

இப்போது என் பூத்துக்கு வருகிறார்கள். புருசன் ஆறுமுகசாமி உள்ளே வந்தார், அவள் கூண்டுப் பக்கம் நின்றுகொண்டாள். அண்ணன் ஊர் டீக்கடை நம்பருக்குப் போட்டு, சாமித்துரையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"என்ன விசயம் அண்ணாச்சி?" என்றேன்.

"ஒரு சாவுச் சேதி."

"அடடா. யாரு?"

"இவதான்" என்று வெளியே கையைக் காட்டினார்.

(இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் புத்திசாலியாகத் தெரிந்தேன். உண்மையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.)

லைனில் சாமித்துரை வந்தார். ஆறுமுகசாமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. "மச்சான்... ஒம்ம தங்கச்சி... போயிட்டா" என்றவர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிசமாகவே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். கட்டினவள் இரண்டடி தள்ளி நிற்கிறாள், இவர் அவளுக்காக அழுகிறார். மறுமுனையில் ரிசீவரை வைக்கிற ஓசை மட்டும்.

"அழுதாவளா?" என்று கதவைத் திறந்தாள் வெயிலம்மாள்.

"ஒண்ணும் பேசல. வச்சிட்டாரு."

அவள் முகம் செத்துவிட்டது. காக்கை தட்டினதற்குக்கூட அவள் அப்படி ஆகவில்லை.

சும்மா சொன்னோம் என்று சொல்வதற்காக மறுபடி போட்டார்கள். டீக்கடைக்காரர் எடுத்தார். "சாமித்துரையா? அப்பமே வேன்ல ஏறிட்டாருல்லா."

வெயிலம்மாள் ரிசீவரைப் பிடுங்கினாள். "அவிய அழுதாவளா?"

"அது யாரு பேசுதது?"

செத்தவள் தன் பெயரை எப்படிச் சொல்வாள்? வைத்துவிட்டாள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சாமித்துரை எப்படிப்பட்ட ஆள்? ரோசக்காரர் என்று காட்டியாயிற்று. வேனில் ஏறிவிட்டார் என்றால் அழுதார் என்றுதானே அர்த்தம்? அப்படியும் சொல்ல முடியாது. ஊர் ஏசும் என்றுகூட ஒருவர் சாவுக்குக் கிளம்பலாம். வந்து பார்த்து, உயிரோடு இருக்கிறவளைக் கண்டால்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்கும் இல்லை.) காதுகுத்தில் ஒருமுறை அவமானப்பட்டவர், இப்போது ஏமாந்தும் போனால், இந்தப் பிறவிக்கு இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

'தரையில் விழுந்த குஞ்சை மனுசக் கையால் தொட்டால் தாய் ஒதுக்கிவிடுமா?' என்பது பத்திரிகைக்கான நாலாவது கேள்வி. பதில்: ஒதுக்காது. எடுத்துக் கூட்டில் வையுங்கள். தாய் தேடி வரும்.

இதை யாராவது அன்று வெயிலம்மாளிடம் சொல்லியிருக்கலாம்.

6

இனி நான் நேரில் பார்க்காதது. ஆவுடைத்தாய் பிறகு சொன்னது, அவள் சொல்லாத இடத்தில் நான் கட்டியது.

உச்சிவெயிலில் ஆட்டோ வந்து நின்றது. சாமித்துரை ஒரு கையில் ரோசாப்பூ மாலை, இன்னொரு கையில் துணிக்கடைப் பையோடு இறங்கினார். பந்தல் இல்லை, கொட்டு இல்லை, ஒரு கூட்டமும் இல்லை. "எங்க கெடத்திருக்கு?" என்று வாசலில் நின்ற ஆறுமுகசாமியைக் கேட்டார்.

ஆவுடைத்தாய் வேண்டாம் வேண்டாம் என்று முந்தானையைப் பிடித்து இழுக்க, அடுப்படியிலிருந்து வெயிலம்மாள் வெளியே வந்தாள்.

"அண்ணே."

அவள் முதலில் பார்த்தது அவர் கண்களை. இரண்டும் வீங்கிச் சிவந்து இடுங்கிப் போயிருந்தன. அவ்வளவு போதும் அவளுக்கு. காக்கையாவது, தோசமாவது! சாகிற வரைக்கும் இனி எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாமித்துரை கையிலிருந்த சாவு மாலையாலேயே அவளை அடித்தார். முதுகிலும் தோளிலுமாக, இதழெல்லாம் சிதறும்படி, அழுதுகொண்டே.

"ஏட்டி நாசமாப் போறவளே! எட்டயபுரம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாம சீட்டுல கவுந்து கெடந்தேண்டி. கண்டக்டரு டிக்கெட்டு கேக்கப் பயந்துட்டான். அன்னைக்கு ஒரு பஸ்ஸு வர வரைக்கும் பொறுக்கல. இன்னைக்குச் சாவுறதுக்குக்கூடப் பொறுக்காமச் சொல்லி விடுதிய!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அடி அண்ணே, நல்லா அடி" என்றாள்.

மாலையில் நார் மட்டும் மிஞ்சியபோது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பசிக்கி. சோறு இருக்கா?" என்றார்.

(வேனில் ஏறியவர் எப்போது பஸ்ஸுக்கு மாறினார் என்று பூவனநாதன் அண்ணாச்சி கேட்டார். புதூரில் மாறியிருப்பார். அண்ணாச்சிக்கு எல்லாவற்றிலும் குறைதான்.)

7

இப்போது முடிவு.

துணிக்கடைப் பைக்குள் இருப்பது கோடிச் சேலை. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடைசியாகப் போர்த்துகிற சேலை. அரக்குச் சிவப்பு, கரை நிறையச் சரிகை. சேலை எடுத்துப் பழக்கமில்லாத மனுசன், "நல்லதா எடுங்க, இதுக்கு மேல அவளுக்கு எடுக்கப் போறதில்ல" என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கியது.

முடிவு ஒன்று: அதை அவள் கட்டிக்கொண்டு வந்து அண்ணன் காலில் விழுகிறாள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோடியை உயிரோடு கட்டலாமா?

முடிவு இரண்டு: முச்சந்தியில் வைத்துக் கொளுத்துகிறார்கள். தோசம் போச்சு. அண்ணன் எடுத்த முதல் சேலையும் போச்சு.

முடிவு மூன்று: மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மன் கோயிலில்... அது நழுவல். எழுதுகிறவன் தப்பிக்கப் பார்க்கும்போதெல்லாம் சாமியைக் கூப்பிடுவான்.

எனக்கு முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள். நிலவரம் இதுதான்: வாசலில் ஆவுடைத்தாய் தீப்பெட்டியோடு நிற்கிறாள். "சவத்துக்கு எடுத்தத வீட்டுக்குள்ள வைக்கப்பிடாதுட்டி" என்கிறாள். "சவத்துக்கு எடுக்கல. எந்தங்கச்சிக்கு எடுத்தேன்" என்கிறார் சாமித்துரை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். வெயிலம்மாள் அவருக்கு எதிரே, சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் மடிப்புப் பிரிக்கவில்லை.

தட்டில் இன்னும் ரெண்டு வாய்ச் சோறுதான் மிச்சம். அவர் நிமிர்ந்து அவளைப் பார்ப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.